அரானெட்4 கார்பன் டை ஆக்சைடு மீட்டர்: ஏ.சி. அலுவலகத்துக்கு வாங்கலாமா?

ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. சுவரில் தொங்கும் யூனிட் அறைக் காற்றையே இழுத்து, குளிர்ந்த காயிலின் மேல் ஓட்டி, அதே அறைக்குள் திருப்பி ஊதுகிறது. வெளியே இருக்கும் யூனிட்டோடு அதை இணைக்கும் செம்புக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு மட்டும்தான். வருடக்கணக்கில் ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவர்களிலும் பலருக்கு இது தெரியாது. கதவில் வேறு "ஏ.சி. அறை, கதவை மூடவும்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காலை ஒன்பதரைக்கு மூடிய கதவுக்குள் பத்துப் பேர் விட்ட மூச்சை அதே பத்துப் பேரும் மாலை வரை இழுத்துக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை ஒருவர் இருமிக்கொண்டு வந்தால் வெள்ளிக்கிழமை நான்கு நாற்காலி காலியாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் உட்கார்ந்த மூன்று குடும்பங்களில் 10 பேருக்குக் கொரோனா வந்தது. அங்கேயும் ஏ.சி. உள்காற்றையே சுழற்றியது, வெளிக்காற்று வர வழி இல்லை. பிறகு அளந்து பார்த்தபோது ஆளுக்கு நொடிக்குச் சுமார் ஒரு லிட்டர் புதுக்காற்றுதான் கிடைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் அலுவலகம் போன்ற இடங்களுக்குச் சொல்வது ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர். அதே ஆண்டு மார்ச்சில் சோல் நகரத்து கால் சென்டர் ஒன்றில், ஒரே தளத்தில் வேலை பார்த்த 216 பேரில் 94 பேருக்குத் தொற்று உறுதியானது. நெருக்கமான மேசைகள், நாள் முழுக்கப் பேச்சு. நம் ஊர் அலுவலகங்களின் அமைப்பும் இதிலிருந்து அதிகம் மாறுபட்டதில்லை.

அறையில் காற்று தேங்கியிருக்கிறதா என்பதை மூக்கு சொல்லாது. உள்ளேயே இருப்பவருக்குச் சில நிமிடங்களில் வாடை பழகிவிடும். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் லாட்வியா நாட்டில் தயாராகும் அரானெட்4. ஏழு சென்டிமீட்டர் சதுரம், பேட்டரியோடு சேர்த்து நூறு கிராம் சொச்சம் எடை. மின்தாள் திரையில் கார்பன் டை ஆக்சைடு அளவைப் பெரிய எண்ணில் காட்டும்; கூடவே வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம். 1,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு) வரை பச்சை, 1,400 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் வருடக்கணக்கில் ஓடும். அளவெடுக்கும் இடைவெளியை 1, 2, 5, 10 நிமிடம் என்று மாற்றலாம். அலுவலகத்துக்கு 5 நிமிடம் போதும். 1 நிமிடம் வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும்.

கார்பன் டை ஆக்சைடு நோயைப் பரப்புவதில்லை. ஆனால் கிருமித் துளிகளும் அதுவும் ஒரே வாயிலிருந்துதான் வெளிவருகின்றன. வெளிக்காற்றில் அது சுமார் 430 பிபிஎம், நகரத் தெருவில் 450 என்று வைத்துக்கொள்ளலாம். நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 38,000. ஆகவே மீட்டர் 1,000 காட்டினால், உள்ளே இழுக்கும் எழுபது மூச்சில் ஒன்று யாரோ ஏற்கெனவே விட்டது. 2,000 காட்டினால் இருபத்தைந்தில் ஒன்று. 3,000 ஆனால் பதினைந்தில் ஒன்று. இந்த மூன்று கணக்கையும் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். "பிபிஎம்" என்றால் புரியாதவருக்கும் "பதினைந்தில் ஒரு மூச்சு அடுத்தவருடையது" என்றால் புரிந்துவிடும்.

இதனால் உண்மையில் நோய் குறையுமா என்று கேட்பவர்களுக்குத் தைவானிலிருந்து பதில் இருக்கிறது. தைப்பே நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் காசநோய் பரவியபோது, வகுப்பறைகளில் கார்பன் டை ஆக்சைடு 3,200 பிபிஎம் வரை ஏறியிருந்தது தெரிந்தது. காற்றோட்டத்தைச் சரிசெய்து அதை 600 அளவுக்கு இறக்கினார்கள். மற்ற நடவடிக்கைகளின் பங்கைக் கழித்துப் பார்த்தபோதும், நோயாளிகளோடு பழகியவர்களிடையே புதிய காசநோய் 97 சதவீதம் குறைந்ததற்குக் காற்றோட்டத்தோடு தொடர்பு இருந்தது. காசநோய் இன்னும் நம்மைவிட்டுப் போகாத நாட்டில் இந்தச் செய்தி எல்லா அலுவலகத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

சந்தையில் மலிவான மீட்டர்கள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றுக்கும் அரானெட்4க்கும் உள்ள வித்தியாசம் சென்சாரில் இருக்கிறது. அரானெட்டில் இருப்பது என்டிஐஆர் சென்சார். அகச்சிவப்பு ஒளியை உள்ளே பாய்ச்சி, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று நேரடியாக அளக்கும். மலிவான பல கருவிகள் காற்றில் இருக்கும் ஸ்பிரிட், சென்ட் போன்ற கரிம ஆவிகளை அளந்து, "இவ்வளவு ஆவி இருந்தால் கார்பன் டை ஆக்சைடு இவ்வளவு இருக்கும்" என்று ஊகித்து ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பி எதுவும் செய்ய முடியாது. கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: கையில் சானிடைசர் தடவி, மூச்சை அடக்கிக்கொண்டு, மீட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் கையை நீட்டுங்கள். எண் ஆயிரக்கணக்கில் துள்ளினால் அது ஊகிக்கும் கருவி. மூச்சை அடக்குவது முக்கியம்; இல்லாவிட்டால் உங்கள் மூச்சே நல்ல மீட்டரையும் ஏற்றிவிடும். அரானெட்4 விலை அதிகம் என்று தோன்றினால், பெட்டியில் என்டிஐஆர் (NDIR) அல்லது, இதுவும் நேரடியாக அளக்கும் வகையான போட்டோஅகூஸ்டிக் (photoacoustic) என்று தெளிவாகப் போட்டிருக்கும் வேறொன்றை வாங்கலாம். அந்தச் சொல் இல்லாததை வாங்க வேண்டாம்.

விலைதான் இதன் முதல் குறை. வெளிநாட்டில் 200 டாலர் அளவில் விற்கிறது. சுங்க வரியும் அனுப்புச் செலவும் தனி. பத்துப் பேர் அலுவலகத்துக்கு இது யோசிக்க வேண்டிய தொகைதான். இரண்டாவது குறை, வைஃபை கிடையாது. பழைய பதிவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் ப்ளூடூத்தோடு போனைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை செயலியில் பதிவை இறக்கிக்கொள்ளாவிட்டால் பழைய அளவுகள் அழிந்துகொண்டே போகும். பல தளங்கள் உள்ள நிறுவனம் எல்லா அறையையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க நினைத்தால் ப்ரோ வகையும், அதன் அளவுகளைத் திரட்டும் பேஸ் ஸ்டேஷன் என்ற தனிக் கருவியும் வேண்டும். அது வேறு பட்ஜெட்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது கருவியின் குறை இல்லை, அதைப் பற்றித் தெரியாததால் வருவது. இதில் அளவுத்திருத்தத்துக்கு (கேலிப்ரேஷன்) தானியங்கி, கைமுறை என்று இரண்டு வழி உண்டு. தானியங்கி முறை, குறிப்பிட்ட காலத்துக்குள் தான் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும். இரவு பூட்டிவிட்டுப் போகும் அலுவலகத்தில் இது பெரும்பாலும் சரிவரும். மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் அறை ஒருநாளும் வெளிக்காற்றின் அளவுக்கு இறங்காது. 800 இருப்பதை 420 என்று மீட்டர் நம்பத் தொடங்கிவிட்டால், பிறகு 1,300 இருக்கும்போதும் பச்சையே காட்டும். ஓ.எம்.ஆர். பக்கத்து இருபத்து நான்கு மணி நேர அலுவலகங்கள் கட்டாயம் கைமுறைக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். நிழலில் வையுங்கள், வெயிலில் தரை கொதிக்கும், கருவி 50 டிகிரிக்கு மேல் தாங்காது. ஆட்களும் ஜெனரேட்டர் புகையும் தள்ளி இருக்க வேண்டும். விடியற்காலை வேண்டாம், இரவெல்லாம் காற்று அசையாமல் தேங்கியிருப்பதால் வெளியிலும் அளவு கூடியிருக்கும். காற்று வீசும் பிற்பகல் நல்லது. ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டும் மழை நாளைத் தவிர்த்துவிடுங்கள். திருத்தம் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும்.

இடம் தப்பினால் எண்ணும் தப்பும். உட்கார்ந்திருப்பவரின் மூக்கு உயரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டருக்குள், யாருடைய முகத்துக்கும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த ஒருவரின் மூச்சைத்தான் அளக்கும். ஜன்னல் ஓரமும் ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது. பான்ட்ரியில் கேஸ் அடுப்பு எரிந்தாலும், வெள்ளிக்கிழமை பூஜையில் விளக்கும் கற்பூரமும் எரிந்தாலும் எண் ஏறும். அது உண்மையான ஏற்றம்தான், ஆனால் மனித மூச்சு இல்லை. அந்த நேரத்து அளவை விட்டுவிடலாம். காலை வந்ததும் பார்க்கும் எண்ணாலும் பயனில்லை. ஆட்கள் நிறைந்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, பதினொன்றரைக்கும் மாலை நான்குக்கும் பாருங்கள். எத்தனை பேர் இருந்தார்கள், கதவு திறந்திருந்ததா என்பதையும் கூடவே குறித்துவையுங்கள். ஆள் கணக்கு இல்லாத பிபிஎம் எண் பாதித் தகவல்தான்.

ஒரு நடுத்தர அறையை எடுத்துக்கொள்வோம்: 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், பத்துப் பேர். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 19 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். காற்றே நுழையாவிட்டால் இந்த அறையில் மணிக்கு 2,100 பிபிஎம் ஏறும்; அரை மணியில் 1,500ஐத் தொட்டுவிடும். மின்வெட்டில் எக்ஸாஸ்ட் நின்றுபோனால் இதுதான் நடக்கும். மீட்டிங் ரூம் இன்னும் மோசம். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறையில் ஆறு பேர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினால் 3,000 வந்துவிடும். ஒரு மீட்டர்தான் வாங்க முடியுமென்றால் முதல் வாரம் அதை மீட்டிங் ரூமில் வையுங்கள். பெரிய ஹாலை எல்லாரும் சந்தேகப்படுவார்கள். கெடுதல் பெரும்பாலும் இந்தச் சின்ன அறையில்தான் நடக்கும். கூட்டத்தை அரை மணியில் முடியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் கதவைத் திறந்து, மேசை ஃபேன் ஒன்றை வெளிநோக்கித் திருப்பி 15 நிமிடம் ஓடவிடுங்கள். எண் 600க்குக் கீழே வந்ததும் அடுத்தவர்கள் உள்ளே போகலாம்.

இந்தக் கருவியால் செய்யக்கூடியவற்றில் மிகப் பயனுள்ளது மாலையில் செய்யும் ஒரு சோதனை. அதற்கு மட்டும் இடைவெளியை 1 நிமிடமாக்குங்கள். எல்லாரும் கிளம்பியதும், ஏ.சி.யும் எக்ஸாஸ்ட்டும் வேலை நேரத்தில் இருந்தபடியே ஓட, மீட்டரை நடு அறையில் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். தொடக்க எண் 1,500, வெளிக்காற்று 450 என்றால் உபரி 1,050. இந்த உபரி 37 சதவீதமாகக் குறைய, அதாவது திரையில் 840 வர எத்தனை நேரம் ஆனது என்று பதிவில் பாருங்கள். கால் மணி ஆனால் அறைக் காற்று மணிக்கு நான்கு முறை மாறுகிறது. ஒரு மணி ஆனால் ஒரு முறை. இரண்டு மணி நேரம் ஆனால் அரை முறைதான்; அது ஆபத்தான அறை. நிபுணரை வரவழைக்காமல், பைசா செலவில்லாமல் கிடைக்கும் இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் மற்றதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும்.

மேலே சொன்ன பத்துப் பேர் அறைக்கு ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வேண்டுமென்றால் மொத்தம் மணிக்கு 360 கன மீட்டர், கடைக்காரர் மொழியில் 212 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 212 கன அடி). காகிதத்தில் எட்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனே போதும் போலத் தெரியும். பெட்டியில் எழுதியிருப்பது எதிரே தடையில்லாமல் அளந்த அளவு. மூடியும் வலையும் தூசியும் சேர்ந்தால் அது நன்றாகக் குறைந்துவிடும், அதனால் பத்து அங்குலம் வாங்குங்கள். எல்லாரும் மறப்பது, காற்று உள்ளே வருவதற்கான வழி. கதவும் ஜன்னலும் இறுக மூடியிருந்தால் ஃபேன் சத்தம் போட்டுச் சுற்றும், காற்று நகராது. அல்லது கழிவறைக் கதவிடுக்கிலிருந்து நாற்றத்தை இழுத்து ஹாலில் விடும். ஃபேனுக்கு எதிர்ச்சுவரில், வலை அடித்த ஒரு திறப்பு வேண்டும். ஃபேனும் திறப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வந்த காற்று அப்படியே வெளியே போய்விடும், அறையின் மறுகோடி அப்படியே தேங்கும். வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள். கூரையில் பதிக்கும் காசெட் ஏ.சி. இருப்பவர்கள் மெக்கானிக்கிடம் புதுக்காற்று இணைப்புக்கான துளை இருக்கிறதா என்று கேளுங்கள். பல மாடல்களில் மூடியபடியே கிடக்கும்.

"கரண்ட் பில் ஏறுமே" என்ற கவலை நியாயமானது. சென்னை வெயிலில், 34 டிகிரியும் புழுக்கமுமாக இருக்கும் காற்றை மணிக்கு 360 கன மீட்டர் உள்ளே விட்டால், அதைக் குளிர்விக்க மட்டும் ஏறக்குறைய ஒரு டன் ஏ.சி. கூடுதலாக வேண்டும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றை நம்பி இருக்கும் அறைக்கு இது தாங்காது. அங்கே பாதிக்குப் பாதி வழி இருக்கிறது. புதுக்காற்றை ஆளுக்கு நொடிக்கு 5 லிட்டராக வையுங்கள். மீட்டர் 1,500 பக்கம் நிற்கும். மீதியை, அறைக் காற்றின் நுண்துகள்களை வடிகட்டும் ஹெபா பியூரிஃபையர் செய்யட்டும். தொற்றுக் காலத்தில் அலுவலகத்துக்கு அமெரிக்காவின் ஏ.சி. பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 241 தரம் கேட்பது ஆளுக்கு நொடிக்கு 15 லிட்டர் சுத்தக் காற்று. அது புதுக்காற்றாகவும் இருக்கலாம், வடிகட்டிய காற்றாகவும் இருக்கலாம். பத்துப் பேருக்கு மணிக்கு 540 கன மீட்டர். அதில் 180 வெளியிலிருந்து, 360 பியூரிஃபையரிலிருந்து. பெட்டியில் சிஏடிஆர் (மணிக்குத் தரும் சுத்தக் காற்றின் கன மீட்டர் அளவு) 360 என்று போட்ட ஒன்றை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அந்த அளவு முழு வேகத்துக்கு உரியது. முழு வேகத்தின் இரைச்சலில் போன் பேச முடியாது, அன்று மாலைக்குள் யாராவது குறைத்துவிடுவார்கள். அதே அளவில் இரண்டு வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். ஓசோன், அயனி என்று விளம்பரம் செய்பவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஓசோன் நுரையீரலை அரிக்கும்.

இங்கே மீட்டரின் எல்லையைப் புரிந்துகொள்ள வேண்டும். பியூரிஃபையர் துளிகளை வடிகட்டும், கார்பன் டை ஆக்சைடை வடிகட்டாது. அதனால் இரண்டு பியூரிஃபையர் ஓடும் அறையில் மீட்டர் சிவப்பிலேயே நிற்கும், ஆனால் காற்று முன்பைவிடப் பாதுகாப்பானது. "வாங்கியும் எண் குறையலையே" என்று பியூரிஃபையரை அணைத்துவிட வேண்டாம். மறுபக்கம், பச்சை காட்டுகிறது என்பதற்காக இருமுகிறவர் பக்கத்தில் உட்காரவும் வேண்டாம். கருவி காட்டுவது அறையின் பொதுக் காற்றை. கை நீட்டும் தூரத்தில் ஒருவர் இருமினால் அந்த மேகம் கலைவதற்குள் நீங்கள் இழுத்துவிடுவீர்கள். அதற்கு மாஸ்க்தான் மருந்து, அதைவிட நல்லது வீட்டில் இருப்பது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு தருகிறது. காய்ச்சலோடு வருபவரை "பரவாயில்லை, உட்காருங்க" என்று சொல்லும் மேலாளர் இருக்கும் இடத்தில் எந்தக் கருவியும் உதவாது. மெட்ராஸ் ஐ, வயிற்றுப்போக்கு போன்றவை கையாலும் துண்டாலும் பரவுபவை. அவற்றுக்கு மீட்டரில் எண் கிடையாது, குழாயடியில் சோப்பு வேண்டும். அந்த வைரஸ்களிடம் சானிடைசர் அவ்வளவாகச் செல்லாது.

மாதாமாதம் ஆள் வரவழைத்து அறை முழுக்க மருந்துப் புகை அடிக்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. அறைக்குள் இப்படித் தெளிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே வேண்டாம் என்றது. ஞாயிற்றுக்கிழமை அடித்த புகை, திங்கட்கிழமை வருகிறவரின் மூச்சை என்ன செய்யும்? அந்த ஒப்பந்தத்தை நிறுத்தினாலே மீட்டருக்கான பணம் கொஞ்ச நாளில் சேர்ந்துவிடும்.

வாங்கிய பிறகு எங்கே தோற்கிறது என்றால், அதிகாரத்தில். அட்மின் மேசை டிராயருக்குள் போன மீட்டரால் யாருக்கும் பயனில்லை. எல்லார் கண்ணிலும் படும் சுவரில் மாட்டி, எண் ஏறும்போது யார் என்ன செய்யலாம் என்று எழுதி ஒட்டுங்கள். 1,000 தாண்டினால் யாரும் கேட்காமல் கதவைத் திறக்கலாம். 1,400 தாண்டினால் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் பத்து நிமிடம் திறந்து, எக்ஸாஸ்ட்டை முழு வேகத்தில் வைக்கலாம். பியூரிஃபையர் வைத்திருக்கும் அறைக்கு இந்த வரம்பை 1,500, 1,800 என்று உயர்த்திக்கொள்ளலாம். போகி காலையிலும் வெளியே குப்பை எரியும்போதும் ஜன்னலை மூடிவிட்டுப் பியூரிஃபையரை மட்டும் நம்பலாம். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் ஜன்னலைத் திறக்கும் உரிமை இருக்கிறது என்று எழுத்தில் இருந்தால்தான் அவர் எழுந்து போய்த் திறப்பார். கதவில் இருக்கும் பழைய ஸ்டிக்கரையும் அன்றே கிழித்துவிடுங்கள்.

இருபத்தைந்து பேருக்கு மேல் மூடிய ஏ.சி. அறைகளில் வேலை பார்க்கும் நிறுவனம், கிளினிக், டியூஷன் சென்டர், கால் சென்டர் எல்லாம் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஒரே கட்டடத்தில் நாலைந்து சின்ன அலுவலகங்கள் இருந்தால் சேர்ந்து ஒன்று வாங்கி, ஆளுக்கு ஒரு வாரம் சுற்றுக்கு விடலாம். ஒரு வாரப் பதிவு போதும் முடிவெடுக்க. இருபுறமும் ஜன்னல் திறந்து, மேலே மின்விசிறி சுழலும் பழைய பாணி அலுவலகங்களுக்கு இது தேவையில்லை. அங்கே மீட்டர் பெரும்பாலும் 500, 600 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பணத்தை ஜன்னல் வலைக்கும் குழாயடிச் சோப்புக்கும் செலவிடலாம்.